கட்டிய பிக்கப்பை விற்கும்போது கைப்பணத்தைக் கரைக்கும் தவறுகள்

1967 முதல் 1972 வரை வந்த ஷெவர்லே சி10 பிக்கப்பில் ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வி8 என்ஜினை இறக்கிக் கட்டுவது, அமெரிக்காவில் இன்று வீட்டுக் கராஜிலேயே நடக்கிற வேலை. கட்டும் திறமை பலருக்கும் வந்துவிட்டது. விற்க வரும்போதுதான் புதியவர்கள் ஒரே இடங்களில் திரும்பத் திரும்பச் சறுக்குகிறார்கள். வண்டியைக் கழுவுங்கள், வெளிச்சத்தில் படம் எடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ரசீதுகளைக் கூட்டி விலை வைப்பது

வேண்டாம். இதே மாதிரி வண்டி ஏலத்தில் எவ்வளவுக்குக் கைமாறியது என்று பாருங்கள். விளம்பரத்தில் கேட்கும் விலை கணக்கில் சேராது.

குதிரைத்திறனை வாயால் சொல்வது

"எல்எஸ் என்ஜின், 500 குதிரை" என்று எழுதினால், விவரம் தெரிந்தவர் அந்த வரியோடு விளம்பரத்தை மூடிவிடுவார். எல்எஸ் என்பது ஒரு குடும்பம். பழைய சில்வராடோவிலிருந்து கழற்றிய 5.3 லிட்டர் எல்எம்7 கம்பெனியிலிருந்து வந்தபோது 270 முதல் 295 வரை. 2008 கார்வெட்டில் வந்த எல்எஸ்3 என்றால் 430. இரண்டும் கிராங்க்கில், அதாவது என்ஜின் தண்டிலேயே, அளந்த எண்கள். கியர்பாக்ஸும் பின் ஆக்சிலும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு சக்கரத்தில் பொதுவாக 15 முதல் 20 சதவீதம் குறைந்துதான் வரும். எந்த எண்ணைச் சொல்கிறீர்கள் என்பதை எழுதுங்கள். டைனோ (திறனை அளக்கும் கருவி) தந்த தாளை முழுதாகப் படமெடுத்துப் போடுங்கள். அதில் தேதி, எஸ்ஏஇ திருத்தம் (காற்றின் வெப்பம், அழுத்தத்துக்கு ஏற்ப எண்ணைச் சரிசெய்யும் முறை), எந்த எரிபொருளில் ஓட்டியது ஆகிய மூன்றும் தெரிய வேண்டும். ஈ85-இல் (எத்தனால் அதிகம் கலந்த எரிபொருள்) எடுத்த எண்ணைக் காட்டிவிட்டு, சாதாரண பங்க் பெட்ரோலில் ஓட்டச் சொல்லி வண்டியை ஒப்படைப்பது வாங்குபவரை ஏமாற்றுவதுதான்.

எந்தப் பாகம் எந்த வண்டியுடையது என்று எழுதி வைக்காதது

மற்றவை எல்லாம் சில நூறு, சில ஆயிரம் டாலர் தவறுகள். வண்டியின் மதிப்பையே அடியோடு சாய்ப்பது இதுதான். பல மாதம் உழைத்து, அருமையாக வெல்டிங் செய்து, வயரிங்கைப் பின்னலிட்டு மறைத்தவர்கள், விற்கும் நாளில் "எல்லாம் என் தலையில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்" என்று சொல்வதைப் பார்க்கும்போது எரிச்சல்தான் வருகிறது.

வாங்கியவர் வேறு மாநிலத்துக்காரர் என்று வையுங்கள். ஒரு நாள் ஆல்டர்னேட்டர் போகிறது. உதிரிபாகக் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி: எந்த ஆண்டு, எந்த மாடல்? "1970 சி10" என்று சொன்னால் கிடைக்கும் ஆல்டர்னேட்டர் இந்த என்ஜினில் உட்காராது. பெல்ட்டும் அப்படியே. எல்எஸ் என்ஜின்களின் முன்பக்கப் புல்லி வரிசை மூன்று வகை: கார்வெட், பழைய கமாரோ, டிரக். கார்வெட்டுடையது என்ஜினை ஒட்டி இருக்கும். கமாரோவுடையது அதைவிட ஏறத்தாழ முக்கால் அங்குலம் முன்னால். டிரக்குடையது இன்னும் முக்கால் அங்குலம் முன்னால். எது உங்களுடையது என்று தெரியாத மெக்கானிக் ஊகத்தில்தான் வேலை செய்வார், அதற்கும் மணிக்கணக்கில் கூலி வாங்குவார். இது தெரிந்தவர்கள் பாக விவரக் கோப்பு இல்லாத வண்டிக்கு உதிரிபாக விலைதான் சொல்வார்கள். உங்கள் உழைப்புக்கு அவர்கள் கணக்கில் இடமே இருக்காது.

ஆகவே விளம்பரம் போடுமுன் ஒரு கோப்பு தயாராகட்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வரி: பெயர், பாக எண், எந்த ஆண்டு எந்த வண்டியிலிருந்து வந்தது. கண்டிப்பாக இருக்க வேண்டியவை:

- என்ஜின் பிளாக்கில் வார்த்த எண்ணின் படம், கேம்ஷாஃப்ட் விவர அட்டை, பிளக் எண், ஆயில் பில்டர் எண்.
- கிராங்க்கில் உள்ள ரிலக்டர் சக்கரத்துக்கு (சென்சார் சுற்றைக் கணக்கிட உதவும் பல் சக்கரம்) 24 பல்லா, 58 பல்லா என்பது. பொருந்தாத ஈசியூவை (என்ஜினை இயக்கும் கணினி) மாட்டினால் என்ஜின் ஸ்டார்ட் ஆகாது.
- பெட்ரோல் பம்ப் எண், பில்டர் எங்கே இருக்கிறது, அழுத்தம் எவ்வளவு. பெரும்பாலும் 58 பிஎஸ்ஐ.
- ரேடியேட்டரின் மேல், கீழ் ஹோஸ் எண்கள். வேறு வண்டியின் ஹோஸை வெட்டிப் போட்டிருந்தால் எங்கே வெட்டியது என்பதும்.
- டிரைவ் ஷாஃப்ட் நீளம், யூ-ஜாயின்ட் வரிசை எண்.
- பிரேக் பேட் எண். முன்பக்கத்தில் 2003க்குப் பிந்தைய கிரவுன் விக்டோரியாவின் சஸ்பென்ஷனை மாட்டியிருந்தால் பால் ஜாயின்ட் ஃபோர்டுடையது என்று பெரிய எழுத்தில்.
- ப்யூஸ், ரிலே, எர்த் இடங்கள் குறித்த வயரிங் படம். கையால் வரைந்தாலும் போதும்.

பலரும் மறப்பது ட்யூன் கோப்பு, அதாவது இந்த என்ஜினுக்கென்று ஈசியூவில் ஏற்றிய அமைப்புகள். சில ட்யூனர்கள் ஈசியூவைப் பூட்டிவிடுவார்கள். வேறு யாராலும் திறந்து பார்க்க முடியாது. நாளைக்கு இன்ஜெக்டர் மாற்றினால் புதிதாக முதலிலிருந்து ட்யூன் செய்ய வேண்டியதுதான். பூட்டாத பிரதி வேண்டும் என்று வேலை கொடுக்கும்போதே பேசிக்கொள்வது நல்லது. அப்போது விட்டுவிட்டால், விற்கும் முன்பாவது கேட்டு வாங்குங்கள். ட்யூனர் தர மறுத்தால் அதை மறைக்காமல் வாங்குபவரிடம் சொல்லி, விலையில் சரிசெய்யுங்கள்.

பெயின்ட் அடிக்குமுன் எடுத்த படங்களும் இதே கோப்பில் வரட்டும். கேபின் மூலைகள், கதவின் கீழ்ச் சட்டம், தரைத் தகடு: இந்தப் பிக்கப்கள் துருப்பிடிக்கும் இடங்கள் இவை. புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தீர்களா, பட்டி போட்டு மூடினீர்களா என்பதற்கு அந்தப் படங்களை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

1975ஐயும் 1976ஐயும் ஒன்றாக நினைப்பது

அடுத்த தலைமுறைச் சதுர முக ஷெவர்லே விற்பவர்களுக்கு இது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கலிபோர்னியாவில் 1975 வரையிலான பெட்ரோல் வண்டிக்குப் புகைச் சோதனை இல்லை, 1976க்கு உண்டு. என்ஜின் மாற்றிய வண்டி என்றால் மாநிலத்தின் ரெஃப்ரி நிலையத்தில் பரிசோதித்து முத்திரை வாங்க வேண்டும். மாட்டிய என்ஜின் வண்டியின் ஆண்டைவிடப் பழையதாக இருக்கக் கூடாது. அந்த என்ஜினோடு வந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டர் முதலான மாசுக் கட்டுப்பாட்டுப் பாகங்களும் கூடவே இருக்க வேண்டும். வாங்குபவர் எந்த மாநிலம் என்று கேட்காமல் முன்பணம் வாங்காதீர்கள்.

விஐஎன் (வண்டி அடையாள எண்) தகட்டைக் கழற்றிப் பெயின்ட் அடிப்பது

கழற்றாதீர்கள். அதை அழிப்பதும் மாற்றுவதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ரிவெட் புதிதாகத் தெரிந்தாலே வாங்குபவர் நடையைக் கட்டுவார்.

நெடுஞ்சாலையில் எப்படி ஓடும் என்று சொல்லாதது

பின் ஆக்சில் பல் விகிதம் 4.10, டயர் உயரம் 28 அங்குலம், மணிக்கு 70 மைல். ஓவர்டிரைவ் (என்ஜின் சுற்றைக் குறைக்கும் மேல் கியர்) இல்லாத மூன்று கியர் டர்போ 350 கியர்பாக்ஸ் என்றால் என்ஜின் ஏறத்தாழ 3,440 சுற்றில் அலறும். 0.70 ஓவர்டிரைவ் உள்ள 4எல்60ஈ கியர்பாக்ஸ் என்றால் 2,400 சுற்று. வாரக் கடைசியில் நெடுந்தூரம் போக நினைப்பவருக்கு இந்த ஒரு கணக்கே முடிவைச் சொல்லிவிடும், ஆகவே விளம்பரத்திலேயே எழுதுங்கள். அதே நேரம், டர்போ போட்ட என்ஜினுக்குப் பின்னால் உள்ளே எதுவும் மாற்றாத 4எல்60ஈ இருந்தால், அது தாங்காது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஆள் வருமுன் என்ஜினைச் சூடேற்றி வைப்பது

குளிர்ந்த என்ஜின் முதல் சாவியில் கிளம்புவதைத்தான் அவர் பார்க்க வருகிறார். கை வைத்துப் பார்த்துச் சூடு தெரிந்தால் சந்தேகம் வரும், விலை இறங்கும்.

காசோலையைக் கையில் வாங்கிச் சாவியைக் கொடுப்பது

கேஷியர்ஸ் செக் (வங்கியே எழுதித் தரும் செக்) கூடப் போலியாக அச்சாகிறது. உங்கள் கணக்கில் பணம் தெரிந்தாலும், பின்னால் செக் போலி என்று தெரிந்தால் வங்கி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். வாங்குபவரின் வங்கிக் கிளைக்கே சேர்ந்து போய், கவுன்டரில் உங்கள் கண் முன்னால் எழுதி வாங்குங்கள். அல்லது வயர் (வங்கிப் பணமாற்றம்) மூலம் வந்ததை உங்கள் வங்கியில் பேசி உறுதி செய்யுங்கள். டைட்டிலில் (உரிமைச் சான்று) கையெழுத்து அதற்குப் பிறகு. கலிபோர்னியாவில் விற்றால், கைமாறிய 5 நாளுக்குள் மோட்டார் வாகனத் துறைக்குப் பொறுப்பு விடுவிப்பு அறிவிப்பை அனுப்பிவிடுங்கள். அனுப்பாவிட்டால் புது உரிமையாளர் வாங்கும் பார்க்கிங் அபராதம் உங்கள் வீட்டு முகவரிக்கு வரும்.