பெய்ஜிங்கில் மெட்ரோவோடு வாடகை சைக்கிள்: எப்போது லாபம்?

பெய்ஜிங் மெட்ரோவில் 6 கி.மீ. வரை 3 யுவான், 12 வரை 4, 22 வரை 5. ஆப் வழியே எடுக்கும் சைக்கிளுக்குப் பொதுவாக 30 நிமிடத்துக்கு 1.5 யுவான். எனவே டிக்கெட் குறையட்டும் என்று ஒரு ஸ்டேஷன் முன்னதாக இறங்கி மிதிக்காதீர்கள்: மிச்சம் 1, செலவு 1.5. பயணக் கார்டில் போனால் 10 கி.மீ. வரை பஸ்ஸுக்கும் 1 யுவான்தான். சைக்கிளில் மிச்சமாவது காத்திருக்கும் நேரம்.

சைக்கிளுக்கான மாதப் பாஸ் இந்தக் கணக்கையே மாற்றிவிடும். பாஸ் விலையை 1.5-ஆல் வகுங்கள். 24 யுவான் என்றால் 16 சவாரி. வீட்டுப் பக்கமும் அலுவலகப் பக்கமும் ஓட்டுபவருக்கு நாளுக்கு 4 சவாரி, நான்கே நாளில் முதல் திரும்பிவிடும். ஆனால் பாஸ் ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே செல்லும். மஞ்சள் (மெய்துவான்), நீலம் (ஹலோ), பச்சை (டிடி) மூன்றில் மாலை நெரிசலிலும் உங்கள் ஸ்டேஷன் வாசலில் எது மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அனுமதித்த எல்லைக்கு வெளியே சைக்கிளை நிறுத்தினால் தனிக் கட்டணம் பிடிப்பார்கள். பாஸ் அதற்கு உதவாது.

மெட்ரோவுக்கு மாதம் முழுவதும் ஒரே கார்டைப் பயன்படுத்துங்கள். அதில் மாதச் செலவு 100 யுவானைத் தாண்டினால் அடுத்த பயணங்களுக்கு 20% தள்ளுபடி, 150-ஐத் தாண்டினால் 50%. 400-க்குப் பிறகு தள்ளுபடி இல்லை.