முதியவரின் நடை வேகத்தை வீட்டிலேயே அளப்பதும் அதிலிருந்து மூளை நலத்தை அறிவதும்

முதியவர் ஒருவரின் மூளை எப்படி இருக்கிறது என்று கவலைப்படும் குடும்பத்தினர் பெரும்பாலும் நினைவாற்றலையே கவனிக்கிறார்கள். அவர் நடக்கும் விதத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்பவர்கள் குறைவு. நடை தளர்ந்தால் வயதையும் முழங்காலையும் காரணம் காட்டிவிட்டு விட்டுவிடுகிறோம். ஆனால் நடப்பது கால்களின் வேலை மட்டுமன்று. தடையைக் கண்டு காலைத் தூக்குவதற்கும், திரும்பும்போது தடுமாறாமல் இருப்பதற்கும், பேசிக்கொண்டே அடி வைப்பதற்கும் மூளையின் முன்மடலும் சிறுமூளையும் அவற்றை இணைக்கும் நரம்பிழைகளும் ஓயாமல் ஒத்துழைக்க வேண்டும். மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடைந்து அந்த இணைப்புகள் நலியும்போது, மறதி வெளிப்படுவதற்கு முன்பே நடை மாறத் தொடங்கிவிடலாம். ஆகவே நடையை அளந்து எழுதி வைப்பது பயனுள்ள பழக்கம்; அதற்குத் தேவைப்படுபவை ஓர் அளவு நாடாவும் நேரம் காட்டும் கைப்பேசியும்தான்.

சமதளமான, வழுக்காத, பொருள்கள் குறுக்கே கிடக்காத இடத்தில் நேர்கோடாக 4 மீட்டர் அளந்து இரு முனைகளிலும் அடையாளமிட வேண்டும். தொடக்கக் கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்னாலிருந்து நடக்கத் தொடங்கி, முடிவுக் கோட்டைத் தாண்டி இன்னும் ஒரு மீட்டர் சென்ற பிறகே நிற்குமாறு முதியவரிடம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வேகம் பிடிக்கும் நேரமும் குறைக்கும் நேரமும் கணக்கில் சேர்ந்துவிடும். ‘வேகமாக நடங்கள்’ என்று சொல்லக்கூடாது. கடைக்குப் போகும்போது எப்படி நடப்பாரோ அப்படியே நடக்கட்டும். கைத்தடி பயன்படுத்துபவர் அதனுடனேயே நடக்கலாம். இரண்டு முறை அளந்து சராசரி நேரத்தை எடுத்து, தூரத்தை அந்த நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும்: 4 மீட்டரை 5 விநாடிகளில் கடந்தால் நொடிக்கு 0.8 மீட்டர், 4 விநாடிகளில் கடந்தால் 1 மீட்டர்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. கையால் பொத்தானை அழுத்தி நேரம் பார்க்கும்போது அரை விநாடி பிசகுவது இயல்பு. 4 மீட்டர் தூரத்தில் அந்த அரை விநாடியே 1 மீட்டர் வேகத்தை 0.89 ஆகக் காட்டிவிடும். 10 மீட்டர் தூரத்தில் அதே பிசகு 0.95 வரையே இழுக்கும். எனவே நீண்ட நடைகூடமோ மொட்டைமாடியோ இருக்குமானால் 10 மீட்டரே மேல். எந்தத் தூரத்தைத் தேர்ந்தாலும் அதை மாற்றாமல், அதே இடத்தில், அதே காலணியுடன், நாளின் அதே வேளையில், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அளந்து தேதியுடன் குறித்து வைக்க வேண்டும்.

கிடைத்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது? 2011இல் ஸ்டெஃபனி ஸ்டுடென்ஸ்கி குழுவினர் ஒன்பது நீண்டகால ஆய்வுகளைச் சேர்ந்த 34,485 முதியவர்களின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நடை வேகம் கூடக்கூட ஆயுள் கூடுவதும், நொடிக்கு 0.8 மீட்டர் என்பது அந்தந்த வயதுக்குரிய நடுத்தர ஆயுளோடு ஏறத்தாழப் பொருந்துவதும் தெரிந்தது. ஆயினும் ஒருமுறை அளந்த எண்ணைவிட, ஒருவர் தம்முடைய பழைய எண்ணிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறார் என்பதே வீட்டில் அளப்பவருக்கு அதிகம் சொல்லும் என்பது என் கருத்து. உயரம், மூட்டுவலி, இதயநோய் ஆகியவை ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆனால் அதே ஆளின் வேகம் நொடிக்கு 0.1 மீட்டர் அளவுக்குக் குறைந்து, அடுத்த அளவீட்டிலும் அப்படியே இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டும். வேகக் குறைவோடு ‘முன்போல் நினைவு நிற்பதில்லை’ என்ற முறையீடும் சேர்ந்திருந்தால் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்த நிலையை நரம்பியலாளர் ஜோ வர்கீஸும் அவருடைய குழுவினரும் 2013இல் தனி ஆபத்து நிலையாக வரையறுத்தார்கள். அத்தகையோருக்குப் பிற்காலத்தில் மறதிநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று தொடர் ஆய்வுகள் காட்டியுள்ளன.

அடுத்த படி, நடையோடு ஒரு சிந்தனை வேலையையும் சேர்ப்பது. பேச்சுக் கொடுத்தவுடன் நடையை நிறுத்திவிடும் முதியவர்கள் பின்னர் விழுவதற்கான வாய்ப்பு அதிகம் என்று சுவீடனில் நடந்த ஓர் ஆய்வு 1997இலேயே தெரிவித்தது. வீட்டில் இதைச் சோதிக்க, அதே தூரத்தை 100இலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்து எண்ணிக்கொண்டோ, விலங்குகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டோ நடக்கச் சொல்லலாம். அப்போது தடுமாறினால் தாங்கிப்பிடிக்க ஒருவர் அவசியம் உடன் நடக்க வேண்டும். சாதாரண வேகம் 1 மீட்டராகவும் எண்ணிக்கொண்டு நடக்கும் வேகம் 0.75 மீட்டராகவும் இருந்தால் சரிவு 25 சதவீதம். நினைவு, சிந்தனை ஆகிய அறிதிறனில் லேசான குறைபாடு உள்ளவர்களிடம் 2017இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தச் சரிவு 20 சதவீதத்தைத் தாண்டியவர்கள் மறதிநோய்க்கு ஆளாகும் ஆபத்து அதிகமாக இருந்தது. ஆனால் அந்த அளவீடு உணரிகள் பதித்த நடைபாதையில் எடுக்கப்பட்டது. வீட்டில் 20 சதவீதம் தாண்டியது என்பதற்காக எவருக்கும் நோய்ப்பெயர் சூட்டிவிடக் கூடாது.

நடந்தால் மூளை பாதுகாக்கப்படுமா என்ற கேள்விக்கு ஆய்வுகள் ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. கிர்க் எரிக்சன் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு முறையாக நடைப்பயிற்சி செய்த முதியவர்களுக்கு நினைவுக்குரிய ஹிப்போகேம்பஸ் பகுதியின் பருமன் ஏறத்தாழ 2 சதவீதம் கூடியது. தசை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியது. அதில் பங்கேற்றவர்கள் 120 பேர்தான். 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ‘லைஃப்’ ஆய்வோ, உடற்பயிற்சி நடமாட்ட இழப்பைக் குறைத்தாலும் இரண்டாண்டு முடிவில் அறிதிறன் சோதனைகளில் வேறுபாடு தரவில்லை என்று கண்டது. தினமும் ஏறத்தாழ 3,800 காலடிகள் நடந்தாலே மறதிநோய் ஆபத்து 25 சதவீதம் குறைவாக இருந்தது என்ற 2022ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தரவும் ஒரு தொடர்பைத்தான் காட்டுகிறது. மூளை நலிவு தொடங்கியதாலேயே சிலர் குறைவாக நடந்திருக்கவும் கூடும். இத்தகைய செய்தியைப் படிக்கும்போது, ஆய்வாளர்கள் மக்களைக் குழுக்களாகப் பிரித்துப் பயிற்சி கொடுத்தார்களா, வெறுமனே கவனித்து வந்தார்களா என்று முதலில் பார்ப்பது நல்லது. என்றாலும் விழாமல் நடமாட முடிவதே பெரிய பயன் என்பதால், பயிற்சியைத் தள்ளிப்போட இந்த ஐயங்கள் காரணமாகா.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பும், வாரத்தில் இரண்டு நாட்களாவது தசை வலுவூட்டும் பயிற்சியும், மூன்று நாட்களாவது சமநிலையை வளர்க்கும் பயிற்சியும் செய்ய வேண்டும். பலர் நடையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விடுபட்டுப்போகும் மற்ற இரண்டும்தான் விழுவதைத் தடுப்பதில் முக்கியமானவை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சமையலறை மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்துவது, ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டி வைத்து நிற்பது ஆகியவற்றில் தொடங்கலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், அண்மையில் விழுந்த அனுபவம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

வேகம் குறைந்திருப்பது தெரிந்தால் பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் சரிசெய்யக்கூடிய காரணங்களைத் தேட வேண்டும். தூக்க மாத்திரைகளும் சில ஒவ்வாமை மாத்திரைகளும் நடையையும் சிந்தனையையும் ஒருசேர மந்தமாக்கும். படுத்த நிலையிலிருந்து எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 அளவுக்குக் குறைந்தால் தலைசுற்றலும் விழுதலும் நேரலாம். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டுக் குறைவு, கண்புரை, செவித்திறன் இழப்பு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

நடை திடீரென மாறினால், ஒரு பக்கம் வலுவிழந்தால், பேச்சு குழறினால், தலையில் அடிபட்ட பின் சில நாட்களிலோ வாரங்களிலோ நடை தடுமாறினால், அடுத்த அளவீட்டுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தரையோடு ஒட்டியது போன்ற சிற்றடி நடை, மறதி, சிறுநீரை அடக்க முடியாமை ஆகிய மூன்றும் மெல்ல மெல்லச் சேர்ந்து வந்தால் மூளையில் நீர் தேங்கியிருக்கலாம். தக்க நேரத்தில் கண்டறிந்தால், அந்த நீரை வடியச் செய்யும் அறுவைச் சிகிச்சை பலருக்கு நடையை மேம்படுத்துகிறது. மருத்துவரிடம் செல்லும்போது தேதியிட்ட அளவுக் குறிப்பையும், உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும், முதியவர் நடப்பதைப் பக்கவாட்டிலிருந்து எடுத்த அரை நிமிடக் காணொளியையும் கொண்டு செல்ல வேண்டும். மருத்துவரின் அறையில் பலர் வழக்கத்தைவிட நிமிர்ந்து நடந்து காட்டிவிடுவார்கள்.