பழைய படமே பார்க்காதவருக்கு முதலில் எந்தப் படத்தைச் சொல்வது?

"பழைய படமா? ஒரே அழுகையும் வசனமுமா இருக்குமே" என்று நழுவுகிறவரிடம் நாம் முதலில் நீட்டுவது பெரும்பாலும் நமக்கு மிகவும் பிடித்த படத்தைத்தான். காரியம் அங்கேதான் கெடுகிறது. 'பாசமலர்' (1961) உங்களை உலுக்கியிருக்கும். ஆனால் அந்த உருக்கத்துக்குள் போக, சிவாஜியையும் சாவித்திரியையும் ஏற்கெனவே நாலைந்து படங்களில் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். எடுத்த எடுப்பில் அதைக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் எதிராளி கைப்பேசியை எடுத்துவிடுவார். முதல் படம் சிறந்த படமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் முழுசாகப் பார்த்து முடிக்கிற படமாக இருந்தால் போதும்.

அதனால் முதல் வேலை, "சமீபத்தில் இரண்டு தடவை பார்த்த படம் எது?" என்று கேட்பது. "எந்த மாதிரிப் படம் பிடிக்கும்?" என்று கேட்டால் "நல்ல படம் எல்லாமே பிடிக்கும்" என்பார்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

துப்பறியும் கதை, திரில்லர் என்றால் யோசிக்கவே வேண்டாம்: 'அந்த நாள்' (1954). ஏவி.எம். தயாரிப்பு, எஸ். பாலசந்தர் இயக்கம். பாட்டு, நடனம், சண்டை எதுவுமே கிடையாது. இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். 1943-இல் சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு வீசிய நேரத்துக் கதை. தொடக்கத்திலேயே சிவாஜி சுட்டுக் கொல்லப்படுகிறார். சுட்டது யார் என்று ஒவ்வொருவரும் சொல்லும்போது ஒவ்வொரு கதை விரிகிறது. பழைய படத்தின் மீது மக்கள் சொல்கிற குறைகளில் முக்கால்வாசி இந்தப் படத்தில் இல்லை. இதைச் சொல்லும்போது நாம் செய்யும் தவறு, "கடைசியில் யார்னு தெரிஞ்சா அசந்துடுவே" என்பது. அப்படிச் சொல்லிவிட்டால் அவர் முதல் காட்சியிலிருந்தே ஆளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இறங்கிவிடுவார். "முதல் பத்து நிமிஷம் பார்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சிரிக்க வேண்டும் என்பவருக்கு 'காதலிக்க நேரமில்லை' (1964). ஸ்ரீதர் இயக்கியது, கலர் படம். பாலையாவுக்கு நாகேஷ் பேய்க் கதை சொல்லும் காட்சியை மட்டும் முன்னதாக அனுப்பலாம். முன்கதை தெரியாமலும் சிரிக்க வைக்கிற காட்சி அது. எல்லாப் படத்துக்கும் இந்த வழி சரிவராது. 'பராசக்தி'யின் (1952) நீதிமன்றக் காட்சியைத் தனியாக வெட்டி அனுப்பினால் அது வெறும் மேடைப் பேச்சாகக் கேட்கும். ரங்கூனிலிருந்து வந்த அண்ணனும் மதுரையில் கைவிடப்பட்ட தங்கையும் என்ன பாடுபட்டார்கள் என்று பார்த்தவருக்குத்தான் கலைஞரின் வசனம் சுடும். 'சந்திரலேகா'வின் (1948) முரசு நடனமும் இப்படித்தான். அந்த நடனம் எதற்காக ஆடப்படுகிறது என்பது கதையில் இருக்கிறது. துண்டாகப் பார்த்தால் பெரிய செட்டு மட்டும்தான் மிஞ்சும்.

அழுத்தமான காதல் கதையை விரும்புகிறவருக்கு 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962). முன்னாள் காதலியின் கணவனுக்கே சிகிச்சை செய்ய வேண்டிய டாக்டர். கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரு மருத்துவமனைக்குள். 'சொன்னது நீதானா' பாட்டில் வின்சென்டின் காமிரா கட்டிலுக்கு அடியில் புகுந்து வெளிவருவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். படமெடுப்பதில் ஆர்வமுள்ளவர் அந்த ஒரு ஷாட்டுக்காகவே உட்காருவார். இசைப் பிரியருக்கு 'தில்லானா மோகனாம்பாள்' (1968): நாதஸ்வரம் மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது. இதைக் கைப்பேசியின் ஸ்பீக்கரில் கேட்பது பாவம். நல்ல ஹெட்போனாவது வேண்டும்.

குழந்தைகளுக்கு, அதுவும் தமிழ் வேகமாகப் புரியாமல் வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு, 'மாயா பஜார்' (1957). லட்டுகள் தாமாகப் பறந்து ரங்காராவ் வாய்க்குள் போவதைப் புரிந்துகொள்ள மொழி வேண்டாம். ஒரு எச்சரிக்கை: இதே படம் தெலுங்கிலும் எடுக்கப்பட்டது, தேடினால் அதுதான் முதலில் வந்து நிற்கும். அபிமன்யுவாக ஜெமினி கணேசன் வந்தால் தமிழ், நாகேஸ்வர ராவ் வந்தால் தெலுங்கு. 'மிஸ்ஸியம்மா'விலும் (1955) இதே குழப்பம் உண்டு. அங்கே ஜெமினி என்றால் தமிழ், என்.டி.ஆர். என்றால் தெலுங்கு.

கறுப்பு வெள்ளை என்றாலே பின்வாங்குகிறவரைப் பழைய காலத்தில் நடக்கும் புதுப் படம் வழியாக அழைத்து வரலாம். 'சுப்பிரமணியபுரம்' (2008) 1980-இன் மதுரையைக் காட்டுகிறது. அதில் ஒலிக்கும் 'சிறு பொன்மணி' பாட்டு 1980-இல் வந்த 'கல்லுக்குள் ஈரம்' படத்துடையது. அதைப் பிடித்துக்கொண்டு 'முள்ளும் மலரும்' (1978), 'உதிரிப்பூக்கள்' (1979) என்று பின்னோக்கிப் போகலாம். 'சுப்பிரமணியபுரம்' படத்தின் வன்முறை தாங்காதவருக்கு 'இருவர்' (1997) பொருந்தும்.

படத்தின் பெயரை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். எந்தப் பிரதி என்றும் சொல்லுங்கள். நல்ல படத்தைச் சொல்லியும் எதிராளி கைவிடுவதற்குப் பெரும்பாலும் மோசமான பிரதிதான் காரணம். மூன்று கோளாறுகளைப் பார்க்க வேண்டும்.

முதலாவது திரையின் வடிவம். 1950-களின் படங்கள் ஏறக்குறைய 4:3 அளவில் எடுக்கப்பட்டவை. அதை அகலத் திரைக்கு இழுத்து நிரப்பியிருந்தால் முகங்கள் உப்பித் தெரியும். கடிகாரமோ வண்டிச் சக்கரமோ வரும் காட்சியில் நிறுத்திப் பாருங்கள். வட்டம் முட்டை வடிவில் இருந்தால் இழுத்திருக்கிறார்கள். சில சமயம் கோளாறு உங்கள் டிவி அமைப்பிலேயே இருக்கும், அதை 4:3-க்கு மாற்றினால் சரியாகிவிடும். இழுக்காமல் மேலும் கீழும் வெட்டியிருந்தால் தலை பாதியில் நிற்கும். அதற்கு மருந்து கிடையாது, வேறு பிரதிதான் தேட வேண்டும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருப்பது குறையல்ல, சரியான பிரதி என்பதற்கு அடையாளம் என்று நண்பரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது நீளம். படத்தின் தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் இருந்தால் அதில் நீளம் அடியிலோ மீட்டரிலோ இருக்கும். 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், மீட்டரில் 27.4. சான்றிதழில் 15,300 அடி என்றிருந்தால் படம் 170 நிமிடம். உங்கள் பிரதி 163 நிமிடம் காட்டினால் கவலை வேண்டாம். நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓட வேண்டியதை 25-ஆக ஓட்டிப் பதிவுசெய்திருப்பார்கள். குரலும் பாட்டும் கொஞ்சம் கீச்சென்று ஒலிக்கும், அவ்வளவுதான். 140 என்று காட்டினால் பாட்டுகளோ ஒரு ரீலோ போய்விட்டது. அந்தப் பிரதியைக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது பிற்பாடு ஏற்றிய வண்ணம். கறுப்பு வெள்ளைக்கென்றே ஒளியமைத்த முகத்தில் சாயம் பூசினால் நிழல்கள் செத்துவிடும். இரண்டும் கிடைத்தால் கறுப்பு வெள்ளைப் பிரதியையே கொடுங்கள்.

சொல்லும்போது நான்கு வரி போதும்: "அந்த நாள், 1954. பாட்டே இல்லாத சிவாஜி படம். ஒரே நாள் ராத்திரியில் பார்த்து முடித்துவிடலாம். நடிப்பு கொஞ்சம் நாடகம் போல இருக்கும், இருபது நிமிஷத்தில் பழகிவிடும்." அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அக்காலத்து நடிகர்கள் பலர் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். கொட்டகையின் கடைசி வரிசைவரை குரல் எட்ட வேண்டும் என்று பழகிய உடம்பும் தொண்டையும் அவர்களுடையது. இது தெரிந்து பார்ப்பவருக்கு அது மிகையாகப் படாது. மூன்று மணி நேரப் படமென்றால் இடைவேளையில் நிறுத்தி மறுநாள் தொடரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே படம். பத்துப் படப் பட்டியல் அனுப்பினால் அவர் சேமித்து வைப்பார், பார்க்க மாட்டார். பார்த்த பிறகு "எப்படி இருந்தது?" என்று கேட்காமல் "எந்த இடத்தில் போரடித்தது?" என்று கேளுங்கள். பாட்டுகளில் சலித்தார் என்றால் அடுத்ததும் பாட்டு குறைந்த படம். வசனத்தில் சலித்தார் என்றால் காமிரா பேசுகிற 'உதிரிப்பூக்கள்'. எங்குமே இல்லை என்றால் 'அந்த நாள்' எடுத்த அதே எஸ். பாலசந்தரின் 'பொம்மை'யைக் (1964) கொடுங்கள். ஒரு பொம்மைக்குள் வெடிகுண்டு, அது கைமாறிக்கொண்டே போகிறது. அதில் யேசுதாஸ் பாடிய 'நீயும் பொம்மை' பாட்டும் உண்டு. படம் முடிந்ததும் எழுந்துவிட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். நடிகர்களையும் தொழில்நுட்பக் கலைஞர்களையும் பாலசந்தரே திரையில் அறிமுகப்படுத்துவார்.