இருட்டில் கட்டாக்காலி மாடு: சாரதி இல்லாத காரிடம் எடுக்கவேண்டிய பழக்கம்

மாங்குளம் தாண்டி ஏ9 வீதியில் இரவில் ஓடுகிறவர்களுக்குத் தெரியும், கறுத்த மாடு தாரில் படுத்திருந்தால் அதன் கண் மின்னும்வரை அங்கே மாடே இல்லை. சாரதி இல்லாத காருக்கு இந்தச் சிக்கல் குறைவு, ஏனென்றால் அதிலுள்ள லைடார் என்ற கருவி தானே லேசர் கதிரை விட்டு அது பட்டுத் திரும்புகிற நேரத்தை அளக்கிறது, இருட்டென்றாலும் வேலை நடக்கும்.

நமக்கு லைடார் இல்லை. சரி, பழக்கத்தையாவது எடுப்போம், அது விட்ட பிழையிலிருந்தும்.

முன்னால் கிடப்பது மாடா, நெல் மூட்டையா என்று யோசித்துக்கொண்டு போகாதீர்கள், ஏதோ இருக்கிறது என்றாலே அக்சிலேற்றரில் இருந்து காலை எடுங்கள். 2018 இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீதியைக் கடந்த பெண்ணை, தானே ஓடுகிற சோதனைக் கார் ஒன்று வாகனம், சைக்கிள், வேறேதோ என்று மாற்றி மாற்றி வகைப்படுத்திக்கொண்டே போய் மோதியது, அவர் இறந்துபோனார். முதலில் பிறேக், பெயர் அப்புறம்.

70 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு 19 மீற்றர் போய்விடும். ஆகவே லைற் வெளிச்சம் விழுகிற தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம்தான் உங்கள் வேகம், எதிரே பஸ் வந்து நீங்கள் லைற்றை டிம் பண்ணினால் இன்னும் குறையுங்கள். ஒரு மாடு கடந்தால் பின்னால் கன்று வரும், பொறுங்கள்.

சட்டென்று வெட்டித் திருப்பாதீர்கள். என் மச்சான் அப்படித்தான் மாட்டைத் தப்பவைத்து, மோட்டார் சைக்கிளோடு மதகுக்குள் போனார்.