மலச் சோதனையில் புழு முட்டை பார்ப்பது எப்படி? புதிதாக ஆய்வகத்துக்கு வருபவர்களுக்கு

குழந்தை வெளிறிப்போய்ச் சோர்ந்து கிடந்தால், "வயித்துல பூச்சி இருக்கும், மாத்திரை வாங்கிக் கொடு" என்பார்கள் ஊரில். 2015 முதல் குடற்புழு நீக்க நாள் அன்று பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். ஆனால் எந்தப் பூச்சி, எவ்வளவு என்பது மலத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஜவ்வாது மலையிலும் திமிரி வட்டாரத்திலும் பார்த்தவரை அதிகம் அகப்பட்டது கொக்கிப்புழு. இரத்தம் குடிப்பது அதுதான், ஸ்லைடில் சீக்கிரம் மறைந்துபோவதும் அதன் முட்டைதான்.

இதற்கு எளிய முறை காட்டோ–காட்ஸ்: அளவான மலத்தை ஸ்லைடில் பரப்பி, அதில் உள்ள முட்டைகளை எண்ணுவது.

1. முந்தின நாளே: செலோஃபேன் தாளைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, மாலகைட் பச்சை கலந்த கிளிசரின் கரைசலில் ஊறப்போடுங்கள். குறைந்தது 24 மணி நேரம் ஊற வேண்டும்.

2. மாதிரி வாங்குவது: டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். எதற்கு என்று அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். சிறுநீரும் மண்ணும் கலக்கக் கூடாது, சுண்டைக்காய் அளவு போதும். பெயர், வயது, எண்ணை அங்கேயே டப்பா மேல் எழுதிவிடுங்கள், மூடியில் எழுதினால் மாறிப்போகும். வெயில் படாமல் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுவாருங்கள். சூட்டில் கிடந்தால் கொக்கிப்புழு முட்டை பொரிய ஆரம்பித்துவிடும்.

3. ஸ்லைடு போடுவது: கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மலத்தின் மேல் சல்லடை வலையை வைத்து அழுத்தி, மேலே வருவதை வழித்தெடுங்கள். ஸ்லைடில் நடுவே துளையுள்ள அச்சுத்தகட்டை வைத்து, அதன் துளையை நிரப்பி, மேல்பரப்பை மட்டமாக வழித்துவிட்டு, தகட்டை நேராகத் தூக்குங்கள். அப்புறம் ஊறிய செலோஃபேனை மேலே போட்டு, ஸ்லைடைக் கவிழ்த்து வழவழப்பான பரப்பில் அழுத்துங்கள். எடுக்கும்போது பக்கவாட்டில் இழுங்கள், தூக்கினால் செலோஃபேன் கீழேயே ஒட்டிக்கொள்ளும். அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்து தெரிய வேண்டும், அதுதான் சரியான கனம். ஒரு மாதிரிக்கு இரண்டு ஸ்லைடு போடுங்கள், முட்டை எல்லா இடத்திலும் சமமாக இருக்காது. தண்ணீராகப் போகும் மலத்துக்கு இந்த முறை ஒத்துவராது.

4. நேரம்: கிளிசரின் மலத்தைத் தெளிவாக்கும், அதோடு மெல்லிய ஓடுள்ள கொக்கிப்புழு முட்டையையும் கரைத்துவிடும். 30 முதல் 60 நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். பழகிய புதிதில் நான் ஸ்லைடுகளை வரிசையாகப் போட்டு வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது கொக்கிப்புழு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, அத்தனையையும் மறுபடி போட்டேன். அதிலிருந்து ஸ்லைடின் ஓரத்தில் போட்ட நேரத்தை எழுதிவைக்கிறேன்.

5. பார்ப்பது: நுண்ணோக்கியின் 10 எக்ஸ் லென்ஸில் ஒரு மூலையில் தொடங்கி, ஏர் ஓட்டுவதுபோல் வரிசை விடாமல் போங்கள். சந்தேகம் வந்தால் 40 எக்ஸ். உருண்டைப்புழு முட்டை பழுப்பாக, மேலே முண்டும் முடிச்சுமாக இருக்கும். சாட்டைப்புழுவுடையது பீப்பாய் மாதிரி, இரண்டு முனையிலும் அடைப்பு. கொக்கிப்புழு முட்டை நிறமற்று, நீள்வட்டமாக, கண்ணாடிபோல் மெல்லிய ஓட்டோடு இருக்கும். உள்ளே செல்கள் கொத்தாகத் தெரியும், ஓட்டுக்கும் அவற்றுக்கும் நடுவே வெளிச்சமான இடைவெளி. அந்த இடைவெளியைப் பாருங்கள், காற்றுக் குமிழிலும் காய்கறித் துணுக்கிலும் அது இருக்காது.

6. கணக்கு: அச்சுத்துளையில் பிடிப்பது 41.7 மில்லிகிராம். அதனால் எண்ணியதை 24-ஆல் பெருக்கினால் ஒரு கிராமில் எத்தனை முட்டை என்று வரும். முதல் ஸ்லைடில் 10, இரண்டாவதில் 14 என்றால் சராசரி 12, அதாவது 288. கொக்கிப்புழுவுக்கு 2000-க்குக் கீழே லேசான தொற்று, 4000-க்கு மேல் கடுமையானது. கடுமை என்று வந்தால் இரத்தசோகைக்கும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் அனுப்புங்கள்.

"ராத்திரியில ஆசனவாய் அரிக்குது" என்று அம்மா சொன்னால் அது கீரிப்பூச்சி. மலத்தில் அதன் முட்டை பெரும்பாலும் கிடைக்காது. காலையில் குழந்தை எழுந்ததும், கழுவுவதற்கு முன்பே, செலோ டேப்பை ஆசனவாய் ஓரத்தில் ஒட்டி எடுத்து ஸ்லைடில் ஒட்டிப் பாருங்கள்.