மூளை அதிர்ச்சிக்குப் பின் ஓய்வா, ஆட்டமா? முடிவெடுப்பதில் நேரும் தவறுகள்

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு வீரர் தலையில் அடிபட்டு, மூளை உள்ளே குலுங்கும் 'மூளை அதிர்ச்சி' (concussion) கண்டு விழுந்ததும் எல்லோரும் கேட்பது, "இது எத்தனையாவது முறை?" என்பதுதான். மூன்று முறை ஆகிவிட்டால் விலகிவிட வேண்டும் என்றொரு கணக்கும் நெடுநாளாக உலவுகிறது. மருத்துவத்தில் அப்படி ஒரு வரம்பு எண் இல்லை. எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொள்வதுதான் முதல் தவறு. முன்பைவிட லேசான மோதலுக்கே தலை சுற்றுகிறதா? ஒரு வாரத்தில் தெளிந்தவருக்கு இப்போது ஒரு மாதம் ஆகிறதா? தலைவலி, மறதி, எரிச்சல் எல்லாம் அடுத்த ஆட்டப் பருவம் வரை நீடிக்கின்றனவா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும், அடிபட்டது இரண்டே முறையானாலும், ஆட்டத்திலிருந்தே ஓய்வு பெறுவதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட வேண்டும் என்பேன்.

நினைவு தப்பவில்லை, ஆகவே ஒன்றுமில்லை என்று நினைப்பது அடுத்தது. பெரும்பாலான மூளை அதிர்ச்சிகளில் நினைவு தப்புவதே இல்லை. ஹெல்மெட் மண்டை உடைவதைத் தடுக்கும். உள்ளே மூளை குலுங்குவதை நிறுத்தாது.

2022 செப்டம்பர் 25 அன்று மயாமி அணியில் பந்தெறிந்து ஆட்டத்தை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் டுவா டாகோவைலோவா தலை தரையில் மோத விழுந்தார். எழுந்தார், தலையை உதறினார், இரண்டடி வைப்பதற்குள் கால் தடுமாறிச் சரிந்தார். முதுகுவலி என்று காரணம் சொல்லப்பட்டு, அதே ஆட்டத்தின் பிற்பாதியில் மீண்டும் இறக்கப்பட்டார். நான்கு நாள் கழித்து இன்னொரு ஆட்டத்தில் வீழ்த்தப்பட்டபோது, அவருடைய விரல்கள் கோணி விறைத்து நின்றதை உலகமே பார்த்தது. கண்ணெதிரே தள்ளாடும் மனிதரைக் களத்துக்கு அனுப்பியது மன்னிக்க முடியாத செயல். அதன் பிறகே, தள்ளாட்டம் தெரிந்தால் அன்று மறுபடி ஆடக் கூடாது என, அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் என்.எஃப்.எல். விதியைத் திருத்தியது. அவர் 2024 செப்டம்பரில் மறுபடியும் மூளை அதிர்ச்சிக்கு ஆளாகி, அக்டோபரில் களம் திரும்பினார்.

வீரர்களே செய்யும் தவறும் உண்டு. பருவம் தொடங்குமுன் நடக்கும் நினைவுத்திறன் சோதனையில் வேண்டுமென்றே மந்தமாகப் பதில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அடிபட்ட பின் மதிப்பெண் குறைந்தாலும் வித்தியாசம் தெரியாது அல்லவா? இடம் பறிபோகும் என்ற அச்சம் புரிகிறது. ஆனால் மருத்துவர் ஓய்வு பற்றி ஆலோசனை சொல்ல நம்பியிருக்கும் ஆதாரமே அதனால் கெட்டுவிடுகிறது.

மருத்துவர் 'ஆடலாம்' என்று கையெழுத்திட்டதை எதிர்காலத்துக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த அதிர்ச்சியின் அறிகுறிகள் அடங்கிவிட்டன என்பதே அதன் பொருள். இன்னும் ஐந்தாண்டு ஆடலாமா என்பது தனிக் கேள்வி. அதற்கு அணியோடு தொடர்பில்லாத நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மூளையைச் சிதைக்கும் சி.டி.இ. (CTE) நோயைப் பற்றி, அச்சுறுத்துபவர்களும் சரி, அலட்சியப்படுத்துபவர்களும் சரி, மிகைப்படுத்துகிறார்கள். மூளை அதிர்ச்சி கண்டவர் எல்லோருக்கும் அது வந்துவிடுவதில்லை. அறிகுறியே காட்டாத சிறு மோதல்கள் ஆண்டுக்கணக்கில் சேர்வதே பெரிய ஆபத்தாகத் தெரிகிறது. உயிரோடு இருப்பவரிடம் அதை உறுதிசெய்ய இன்னும் வழியில்லை என்பதால், ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்பதும் ஆறுதல் ஆகாது. 24 வயது என்.எஃப்.எல். வீரர் கிறிஸ் போர்லண்ட் 2015-இல் ஒரே பருவம் ஆடிவிட்டு விலகியது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான். அன்று அவரைக் கோழை என்று சொன்னவர்கள்மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு. 2020-இல் 28 வயதில் இன்னொரு வீரர் லூக் கீக்லி விலகியபோது அந்த ஏளனம் அவ்வளவாக எழவில்லை.

ஓய்வுக்குப் பிறகும் ஒரு தவறு காத்திருக்கிறது. மறதியோ மனச்சோர்வோ வந்தவுடன் 'சி.டி.இ.தான், இனி ஒன்றும் செய்ய முடியாது' என்று முடங்கிவிடுகிறார்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, இரத்த அழுத்தம், மனச்சோர்வு ஆகியவையும் அதே அறிகுறிகளைக் காட்டும். இவை மூன்றுக்கும் சிகிச்சை இருக்கிறது.