சுரங்கத் தொழிலாளிக்கு ரேடான் அளப்பது எப்படி

மைனிங் டிப்ளமோ முடித்த என் அக்காள் மகன் கோதாவரிக்கரை நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்கிறான். தொண்டி, தேவிபட்டினம் பக்கத்துப் பையன்கள் வேறு சிலரும் போகிறார்கள். அங்கே காற்றோட்டப் பிரிவில் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

மீத்தேன் என்றால் எல்லாரும் அஞ்சுவார்கள். ரேடானை யாரும் சட்டை செய்வதில்லை. பாறையிலுள்ள ரேடியத்திலிருந்து பிறக்கும் அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது சிதையும்போது உண்டாகும் பொலோனியம் என்ற கதிரியக்கத் தனிமம் தூசியில் ஒட்டி நுரையீரலில் தங்கிவிடும்.

ஆளுக்கொரு பேட்ஜ் போதும். சிறு கிண்ணம், உள்ளே சிஆர்-39 என்ற பிளாஸ்டிக் துண்டு, வாயில் வடிதாள். ரேடான் சிதையும்போது தெறிக்கும் ஆல்பா துகள் பட்ட இடம் தழும்பாகும்; ஆய்வகத்தில் காரக் கரைசலில் ஊறவைத்து எண்ணுவார்கள். பேட்டரி இல்லாததால் மீத்தேன் உள்ள இடத்திலும் தீப்பொறிக் கவலை கிடையாது. சட்டைக்கு வெளியே, மார்பில் மாட்டுங்கள். துண்டு அதை மூடக் கூடாது. வடிதாள் நனைந்தாலோ கரித்தூள் அப்பினாலோ உள்ளே காற்று போகாது. அந்தக் கணக்கைத் தள்ளிவிடுங்கள்.

ஷிப்ட் முடிந்தால் பேட்ஜ் எங்கே தங்குகிறது என்பதில்தான் கணக்கே இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோனால் வீட்டு ரேடானும் சேர்ந்துவிடும். எல்லாவற்றையும் மேலே, தலைவிளக்குகள் வைக்கும் லாம்ப் ரூமில் ஒரே பலகையில் தொங்கவிடுங்கள். சுரங்கத்துக்குள் இறங்காத பேட்ஜ் ஒன்றும் அங்கேயே இருக்கட்டும். அதன் அளவைப் பிறகு கழிக்க வேண்டும். அவரவர் இறங்கிய மணி, ஏறிய மணி, வேலை செய்த இடம் மூன்றையும் அன்றன்றே எழுதுங்கள். வார இறுதியில் உட்கார்ந்து நிரப்பும் நோட்டு சோதிடமே.

பெக்கரல் என்பது நொடிக்கு ஓர் அணு சிதைவதைக் குறிக்கும் அலகு. மூன்று மாதத்தில், கழித்தது போக, கனமீட்டருக்கு 1,20,000 பெக்கரல்-மணி வந்தது, நிலத்தடியில் இருந்தது 500 மணி என்று வைத்துக்கொள்வோம். மணியால் வகுத்தால் சராசரி கனமீட்டருக்கு 240 பெக்கரல். வேலையிடத்துக்குப் பன்னாட்டு அணுசக்தி முகமை வைத்திருக்கும் மேல்வரம்பு 1000. அதற்காக நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள்; சராசரி மோசமான மூலையை மறைத்துவிடும்.

ஆகவே தனியே சில பேட்ஜ்களை இடத்துக்கே மாட்டுங்கள்: காற்று நுழையும் பாதை, கரி வெட்டும் முகப்பு, காற்று திரும்பும் பாதை, கரி எடுத்துக் கைவிட்ட பகுதியை அடைத்த சுவர். அந்தச் சுவரைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்றால் நாம் படகைக் கரையேற்றுகிறோம். அதே அழுத்தக் குறைவு ஆந்திரக் கரைப் பக்கம் நகர்ந்தால், அடைபட்ட காற்று விரிசல் வழியே வேலையிடத்துக்குக் கசியும். அந்த நாட்களையும் உள்ளடக்கி அளக்க வேண்டும். மழைக்காலம், கோடை இரண்டிலும் அளவு வேண்டும்.

கூடுதலாக வந்தால் ஆளை மாற்றுவது கடைசி வழி. விரிசலைப் பூசி, விசிறிக் காற்றை அந்த முகப்புக்குத் திருப்பி, புதிய பேட்ஜ் மாட்டுங்கள். முடிவின் நகல் ஒன்றைத் தொழிலாளியிடம் கொடுத்துவிடுங்கள். பீடி பிடிப்பவர் என்றால் ரேடானும் புகையும் சேர்ந்தால் புற்றுநோய் அபாயம் எகிறும் என்பதையும் அப்போதே சொல்லுங்கள்.